சக்கரத்துக்கு எதற்குப் பெட்ரோல் குளியல்?

பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறவருக்கு உராய்வையும் தீப்பொறியையும் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மருந்து அறையில் இரும்புக் கருவி கூடாது, நைலான் துணி கூடாது, செல்போனும் தீப்பெட்டியும் வாசலோடு சரி. தாயில்பட்டி, வெற்றிலையூரணி, விஜயகரிசல்குளம் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூட இதெல்லாம் தெரியும். அதே மனிதர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை மெயின் ஸ்டாண்டில் ஏற்றுகிறார். டேங்கிலிருந்து அரை பாட்டில் பெட்ரோல் பிடிக்கிறார். பழைய பனியனை அதில் முக்கி, ரிம்மையும் செயினையும் தேய்க்க உட்காருகிறார். நாலு அடி தள்ளி வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது.

வீடுகளுக்குள் நடந்த வெடிவிபத்துகளைப் பார்த்த வட்டாரம் இது. அதனால்தான் வண்டிச் சக்கரம் என்ற சின்ன விஷயத்தை இவ்வளவு விரிவாக எழுதத் தோன்றியது. இங்கே வண்டி சொகுசுக்காக வாங்கியது இல்லை. ஊருக்கு வெளியே பொட்டல்காட்டில் இருக்கும் ஆலைக்கு விடியற்காலையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒரு எக்ஸெல்லோ ஸ்பிளெண்டரோதான். அதன் சக்கரத்துக்கு நல்லது செய்வதாக நினைத்து நாம் செய்வதில் பாதி, அதற்குக் கெடுதல். சக்கரம் கேட்பது தண்ணீர், துடைக்க ஒரு துணி, சரியான அளவில் காற்று. மூன்றும் ஏறக்குறைய இலவசமாகக் கிடைப்பவை.

"பெட்ரோல் போட்டுத் துடைத்தால்தான் அழுக்கு சுத்தமாகப் போகும்"

போகும். அழுக்கோடு சேர்ந்து டயரின் ஆயுளும் போகும். ரப்பரை இன்றைய டயர் ரப்பராக மாற்றியது நம் ஊருக்கு நன்றாகப் பழக்கமான பொருள்தான்: கந்தகம். வெயிலில் பிசுபிசுத்து, குளிரில் விறைத்துக்கொண்டிருந்த பச்சை ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியாகிறது என்று 1839-ல் கண்டவர் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர். கந்தகம் ரப்பரின் நீண்ட இழைகளை ஒன்றோடொன்று கட்டிப்போடுகிறது. பெட்ரோலும் டீசலும் அந்த இழைகளுக்கு நடுவே புகுந்து ரப்பரை ஊத வைக்கின்றன. ஒருநாள் துடைத்ததில் எதுவும் தெரியாது. வாராவாரம் துடைத்தால் டயரின் பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள் ஓடத் தொடங்கும்.

டயர் பளபளக்க டீசலோ தேங்காயெண்ணெயோ தடவுகிற பழக்கமும் இதோடு சேர்ந்ததுதான். டயரின் பக்கவாட்டில் லேசான பழுப்பு நிறம் படர்வதைப் பார்த்து, அழுக்கு என்று நினைத்துத்தான் பலர் தேய்க்கிறார்கள். காற்றிலுள்ள ஓசோன் ரப்பரை வெடிக்கவைக்காமல் இருப்பதற்காக, தயாரிக்கும்போதே மெழுகும் வேறு காப்புப் பொருள்களும் டயருக்குள் கலக்கப்படுகின்றன. டயர் ஓட ஓட அவை மெல்ல வெளியே வந்து படிவதால் வருவதுதான் அந்தப் பழுப்பு. டீசல் துணியால் துடைக்கிறவர் டயரின் சொந்தக் கவசத்தையே வழித்து எடுத்துவிடுகிறார். எண்ணெய் பட்ட டயர் ரோட்டில் வழுக்கும் என்பது தனி ஆபத்து.

இனித் தீ. மைனஸ் 40 டிகிரிக் குளிரில்கூடப் பற்றிக்கொள்ளும் அளவுக்குப் பெட்ரோல் ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே பறந்துபோகாமல் தரையோடு ஊர்ந்து, வாசல்படி தாண்டி, அடுப்போ விளக்கோ இருக்கும் இடம்வரை போய்ச் சேரும். "அடுப்பு அங்கேதானே எரிகிறது, இங்கே என்ன வந்தது" என்ற சமாதானம் அதனால்தான் செல்லாது. பட்டாசுக் குழாய்க்குக் காகிதம் சுருட்டும் வீடென்றால், மூலைக்கு மூலை காகிதக்கட்டு வேறு இருக்கும்.

செயினில் இறுகிய கிரீஸை எடுக்கச் சோப்புத் தண்ணீர் போதாது என்பது உண்மை. அதற்கு மண்ணெண்ணெய் கொஞ்சம் போதும். ஆனால் அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 35 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே போனாலே மண்ணெண்ணெயின் ஆவி தீப்பிடிக்கும் நிலைக்கு வந்துவிடலாம். சித்திரை மாத நண்பகலில் நம் முற்றமே அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். ஆகவே வெளியிடத்தில், காலைக் குளிர்ச்சியில், டயரிலும் பிரேக் டிரம்மிலும் ஒரு சொட்டு படாமல் செய்ய வேண்டிய வேலை இது. துடைத்த துணியை வீட்டுக்குள் சுருட்டிப் போடக் கூடாது. செயின் உலர்ந்தபின் 90-ம் நம்பர் கியர் ஆயில் விடுங்கள். என்ஜினிலிருந்து வடித்த கருப்பு ஆயில் வேண்டாம். அதில் மிதக்கும் நுண்ணிய உலோகத்தூள் செயினையும் பல்சக்கரத்தையும் அரம்போல் ராவும்.

செயினைப் பற்றிப் பேசும்போது கெஞ்சிக் கேட்கவேண்டிய ஒன்று உண்டு. வண்டியை ஸ்டார்ட் செய்து, கியரைப் போட்டு, பின்சக்கரம் சுற்றச் சுற்றத் துணியைச் செயினில் பிடிப்பதை வேலை சீக்கிரம் முடியும் வழியாகப் பலர் நம்புகிறார்கள். துணி நுனி பல்சக்கரத்தில் சிக்கினால் விரலும் சேர்ந்தே போகும். விரலை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது. என்ஜினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, ஒரு கையால் சக்கரத்தைப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டே துடைக்க வேண்டும். பிள்ளைகள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கவும் வேண்டாம். மருந்து செலுத்தியும் திரி பின்னியும் சம்பாதிக்கும் ஊரில் விரல்தானே முதல்!

ஆலையிலிருந்து திரும்பும் வண்டியில் பொடி படிந்திருப்பதும் உண்டு. கையிலும் உடையிலும் ஒட்டி வந்த அலுமினியப் பொடி, வெடியுப்பு எல்லாம் கைப்பிடி, சீட்டு, சக்கரம் என்று ஏறிவிடும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அப்படித் தட்டினால் பொடி பறந்து மூக்குக்கும் வீட்டுக்குள்ளும் போகும். உப்பு வகைப் பொடி ஈரத்தோடு சேர்ந்து தங்கினால் இரும்பு ரிம்மையும் ஸ்போக்ஸ் கம்பியையும் அரிக்கும். முதலில் தண்ணீர் ஊற்றுங்கள், பிறகு ஈரத்துணியால் துடையுங்கள். ஆலைக்குள் பொடியை எப்படி மதிக்கிறோமோ அப்படியே வீட்டு வாசலிலும் மதிக்க வேண்டும்.

"வெயில் காலத்தில் காற்றைக் குறைக்காவிட்டால் டயர் வெடிக்கும்"

நம் வட்டாரத்தில் மிக ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை இதுதான். நிஜமோ நேர்மாறானது. டயர் சூடாவதற்கு வெயிலைவிடப் பெரிய காரணம் அது நசுங்கி நிமிர்வது. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக நசுங்கும். நசுங்க நசுங்க உள்ளே சூடு ஏறும். கோடையில் காற்றைக் குறைக்கிறவர் டயரை இன்னும் சூடாக்கித்தான் அனுப்புகிறார். பின்னால் ஒரு ஆள், நடுவில் ஒரு மூட்டை என்று எக்ஸெல்லில் ஏற்றிக்கொண்டு போனால் கேட்கவே வேண்டாம்.

சூட்டில் காற்று விரிவது உண்மைதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் எவ்வளவு? காலையில் 26 டிகிரியில் 28 பிஎஸ்ஐ அடித்த டயர், மதியம் ரோட்டில் ஓடி 56 டிகிரிக்குச் சூடானால் 32-க்குச் சற்று மேலே போகும். அவ்வளவுதான். இந்த ஏற்றத்தைக் கணக்கில் வைத்துத்தான் கம்பெனிக்காரர்கள் குளிர்ந்த டயருக்கான அளவைச் சொல்கிறார்கள். 100 சிசி வண்டிகளில் பெரும்பாலும் முன்டயருக்கு 25 பிஎஸ்ஐ. பின்டயருக்கு அதைவிட அதிகம், ஆள் ஏற்றினால் இன்னும் அதிகம். உங்கள் வண்டிக்கு என்ன அளவென்று வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும். பல வண்டிகளில் செயின் கவர் பக்கம் ஸ்டிக்கரும் உண்டு.

இங்கே நடக்கும் தவறு நேரத்தில் இருக்கிறது. ஆலை விட்டு வெயிலில் ஓட்டிவந்து, சூடான டயரோடு பங்கில் நிறுத்திக் காற்றுப் பார்க்கிறோம். மீட்டர் கூடக் காட்டுகிறது. உடனே இறக்கிவிடுகிறோம். மறுநாள் காலையில் டயர் குளிர்ந்ததும் காற்று தேவைக்குக் குறைவாக இருக்கும். வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருந்த பிறகு, அல்லது காலையில் எடுத்தவுடன் பார்ப்பதே சரியான அளவு. கையடக்கமான காற்று மீட்டர் ஒன்றை வீட்டில் வாங்கி வைத்துக்கொண்டால் தெருவுக்கே உதவும். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துச் சொல்வது சைக்கிள் காலத்துப் பழக்கம். 20 பிஎஸ்ஐக்கும் 28-க்கும் உள்ள வித்தியாசம் விரலுக்குத் தெரியாது.

காற்றைக் கூட்டி அடித்தால் மைலேஜ் கூடும் என்பாரும் உண்டு. கொஞ்சம் கூடலாம். ஆனால் டயர் நடுவில் மட்டும் தேயும், பிரேக் பிடித்தால் வண்டி நிற்கிற தூரம் நீளும். நைட்ரஜன் அடித்தால் சூட்டில் விரியாது என்பதும் அப்படித்தான். நாம் மூச்சுவிடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன். சூட்டில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் விரியும்.

முள்ளும் சேறும்

இந்த மண்ணில் சக்கரத்துக்கு இரண்டு எதிரிகள். ஒன்று சீமைக்கருவேல முள், மற்றொன்று கரிசல் சேறு. இரண்டைப் பற்றியும் தப்பான நம்பிக்கைகளுக்குக் குறைவில்லை.

"பஞ்சர் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது" என்பது முதலாவது. கரிமூட்டத்துக்கும் வேலிக்கும் வெட்டிக்கொண்டு போகும் கருவேலம் விளார்களிலிருந்து முள் உதிராத ரோடு இங்கே கிடையாது. காய்ந்த முள் டயருக்குள் இறங்கியதும் நுனி ஒடிந்து ரப்பருக்குள்ளேயே தங்கிவிடும். வெளியே பார்த்தால் ஒரு கரும்புள்ளிகூட இருக்காது. பஞ்சர் கடையில் டியூபை ஒட்டியதும், வேலைக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் ஒரு தம்பி சொல்கிறான்: "ஒட்டியாச்சுல்ல அண்ணாச்சி, மாட்டிவிடுங்க." அவர் காது கொடுக்காமல், ஒரு கொத்துப் பஞ்சை எடுத்து டயரின் உட்பக்கம் முழுக்க மெதுவாக ஓட்டுகிறார். ஒரு சுற்று ஒன்றும் இல்லை. திருப்பி எதிர்ப்பக்கமாக ஓட்டுகிறார். ஓரிடத்தில் நாலு இழை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அங்கே டயரை இரண்டு கையாலும் வளைத்துப் பிதுக்கிக் குறடால் இழுக்கிறார். சீரகம் அளவு முள் நுனி வருகிறது. "இதை உள்ள வச்சு மாட்டினா, நீ ஆலைக்குப் போய்ச் சேருமுன்ன திரும்ப இங்கதான் வரணும் தம்பி."

வெறும் விரலை உள்ளே ஓட்டித் தேடினால் முள் விரலில் ஏறும். பஞ்சோ மெல்லிய துணியோ போதும். வீட்டில் சக்கரம் துடைக்கும்போதே டயரின் வெளிப்பக்கத்தை ஒரு சுற்றுப் பார்த்து, பாதி இறங்கிய முள்ளையும் கண்ணாடிச் சில்லையும் பிடுங்கிவிட்டால் பாதிப் பஞ்சர் குறையும். வால்வு ரிம்மில் நேராக நிற்காமல் ஒருபக்கம் சாய்ந்திருந்தாலும் கவனியுங்கள். காற்றுக் குறைவால் டயர் ரிம்மின்மேல் நழுவி, டியூபையும் சேர்த்து இழுத்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் வால்வின் அடியிலேயே கிழியும், அதை ஒட்டவும் முடியாது.

இரண்டாவது நம்பிக்கை: "சேறு காய்ந்தால் தானே உதிர்ந்துவிடும்." செம்மண் ஊர்க்காரர் சொன்னால் ஏற்றுக்கொள்ளலாம். கரிசல் அப்படிப்பட்ட மண் இல்லை. தண்ணீர் பட்டால் ஊதிப் பசையாகும், காய்ந்தால் சுருங்கி இறுகும். ஐப்பசி மழையில் ஓடையோரம் ஒருமுறை போய்வந்தால் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே திணிந்துகொள்ளும். நாலு நாள் விட்டால் கடப்பாறை கேட்கும். பிறகு திருப்புளியாலும் அரிவாள் முனையாலும் குத்தி எடுக்கிறோம். அப்போது ரிம்மின் நிக்கல் பூச்சில் கீறல் விழுகிறது. துரு அந்தக் கீறலில்தான் தொடங்கும்.

வீடு வந்த உடனே, மண் ஈரமாக இருக்கும்போதே, ஒரு குடம் தண்ணீரை மெதுவாக ஊற்றி ஊறவிடுங்கள். மூங்கில் குச்சியாலோ தேங்காய் நாராலோ வழியுங்கள். ஸ்போக்ஸ் கம்பி ரிம்மில் சேரும் இடமும், நடு ஹப்பில் கம்பிகள் வளைந்து நுழையும் இடமும் முக்கியம். மண்ணும் ஈரமும் அங்கேதான் தங்கும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை விட நல்ல கருவி அதற்கு இல்லை.

"தண்ணீர் விட்டாச்சு, வெயிலில் நிறுத்தினால் தானே காயும்" என்பதும் நமக்கு ஒத்துவராது. நம் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. தானே காயவிட்டால் தண்ணீர் போய் உப்பு மட்டும் வெள்ளைப் புள்ளிகளாக ரிம்மில் தங்கும். கழுவியதும் உலர்ந்த துணியால் துடைப்பதுதான் கழுவுவதைவிடப் பெரிய வேலை. ரிம்மில் லேசாக எண்ணெய் பூச ஆசைப்பட்டால் ஸ்போக்ஸ் நிப்பிள் பக்கம் மட்டும் ஒரு துளி, துணியில் தொட்டு. பிரேக் பக்கமும் டயர் பக்கமும் போகவே கூடாது.

"ஒரு கம்பிதானே லூசு"

ஒரு சக்கரத்தில் வழக்கமாக 36 ஸ்போக்ஸ் கம்பிகள். ஒன்று தளர்ந்தால் அதன் பாரத்தைப் பக்கத்துக் கம்பிகள் சுமக்கும். அவை சீக்கிரம் தளரும் அல்லது உடையும். பிறகு ரிம் கோட்டமாகும், கைப்பிடி ஆடும். கண்டுபிடிக்கப் பெரிய வித்தை வேண்டாம். மெயின் ஸ்டாண்டில் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே சின்ன ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியையும் லேசாகத் தட்டிக்கொண்டு வாருங்கள். இறுக்கமான கம்பி கணீரென்று பேசும், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். காதுக்கு வித்தியாசம் தெரிந்துவிடும். ஆனால் அந்த ஒரு கம்பியை நாமே இறுக்கிவிடுவது தப்பு. ஒன்றை இழுத்தால் ரிம் அந்தப் பக்கம் சாயும். கோட்டம் எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டிய வேலை அது.

டிரம் பிரேக்கைத் திறந்து உள்ளே படிந்த தூசியை வாயால் ஊதுவதும், காற்றுக் குழாயால் அடிப்பதும் இன்னும் நடக்கிறது. பிரேக் ஷூவின் தூசி, அதுவும் கல்நார் கலந்த பழைய ஷூவின் தூசி, நுரையீரலுக்கு நஞ்சு. ஏற்கெனவே பொடிக்குள் மூச்சுவிட்டு வேலை பார்க்கிற நுரையீரல்கள் இவை. ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். வாட்டர் சர்வீஸில் ஹப்பின் நடுவிலேயே வேகமாகப் பீய்ச்சி அடிப்பதும் பேரிங்கின் கிரீஸைக் கரைத்துவிடும். ஹப்பைத் தவிர்த்து அடிக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

டயர் தேய்ந்ததும் கத்தியைக் காய்ச்சிப் புதிதாகக் கோடு வெட்டிக்கொண்டு இன்னும் ஆறு மாதம் ஓட்டலாம் என்பதை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வெட்டுகிற இடத்தில் மிச்சமிருப்பது மெல்லிய ரப்பர், அதன் கீழே நூல் அடுக்கு. இருசக்கர வண்டிக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சப் பள்ளம் 0.8 மில்லிமீட்டர். டயரின் பள்ளத்துக்குள் சின்ன மேடு ஒன்று இருக்கும். பக்கவாட்டில் அதற்கு நேராக அடையாளம் போட்டிருப்பார்கள். டயர் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். வாங்கும்போது பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்க எண்ணையும் பாருங்கள். 2423 என்றால் 2023-ம் ஆண்டின் 24-வது வாரத்தில் செய்தது. மதுரை வெள்ளரிப்பட்டியில் செய்த டயரானாலும், கடையில் வருஷக்கணக்கில் வெயில்பட்டுத் தொங்கியிருந்தால் புது டயர் ஆகாது.

ஆலை அடைத்திருக்கும் நாட்களில்

தீபாவளி முடிந்ததும் ஆலைகள் கொஞ்ச நாள் அடைக்கும். சில வருஷம் அது நீண்டுவிடும். உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து 2018 நவம்பரில் மூடிய ஆலைகள் மாதக்கணக்கில் திறக்கவில்லை. 2020 ஊரடங்கிலும் அதே கதை. வேலை இல்லாதபோது வண்டிக்குப் பெட்ரோல் போட யாருக்கு மனசு வரும்? வண்டி நிற்கும். "ஓடாத வண்டிக்கு என்ன தேய்மானம்" என்று நாமும் விட்டுவிடுவோம்.

நிற்கிற வண்டியிலும் டியூபிலிருந்து மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ இறங்கிக்கொண்டேதான் இருக்கும். இறங்கிய டயரின்மேல் வண்டியின் பாரம் ஒரே இடத்தில் அழுத்தும்போது அந்த இடம் தட்டையாகி, அங்கே ரப்பர் வெடிக்கத் தொடங்கும். சைடு ஸ்டாண்டில் நிறுத்தினால் இரண்டு டயரிலும் பாரம் இருக்கும், மெயின் ஸ்டாண்டில் ஒன்று தப்பிக்கும். காற்றை முழு அளவுக்கு அடித்து, மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, தரையில் படும் டயருக்குக் கீழே ஒரு பலகை போட்டு, வாரம் ஒருமுறை இரண்டு சக்கரத்தையும் கால் சுற்றுச் சுற்றிவிடுங்கள்.

தார்ப்பாயைப் போட்டு இறுக்கக் கட்டிவிட்டால் பத்திரம் என்பதும் முழு உண்மை இல்லை. கார்த்திகை ஈரத்தில் தார்ப்பாய்க்குள் வியர்த்து ரிம் துருப்பிடிக்கும். பழைய பருத்திச் சேலை போதும், மேலே கூரை இருந்தால். வெயில் நேரடியாக டயரில் படாத இடம் வேண்டும். ஆனால் நிழலுக்காக வண்டியைச் சமையல்கட்டுக்கும் படுக்கிற அறைக்கும் உள்ளே கொண்டுவர வேண்டாம். டேங்க் மூடியிலும் கார்புரேட்டரிலும் கசியும் ஆவி மூடிய அறையில் தரையோடு தேங்கும். திண்ணையோ தகரச் சாய்ப்போ, காற்றாடும் இடம் எதுவானாலும் சரி. டேங்கிலிருந்து பெட்ரோலை வடித்து பிளாஸ்டிக் பாட்டிலில் வீட்டுக்குள் வைப்பது வண்டியை உள்ளே வைப்பதைவிட ஆபத்து.

ஆலை திறக்கிற முந்தின நாளே வண்டியை எடுத்துப் பாருங்கள். காற்று, கம்பி, வால்வு, டயரின் பக்கவாட்டு வெடிப்பு, எல்லாம் பார்த்தபின் தெருவுக்குள் மெதுவாக ஓட்டி இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். நின்ற வண்டியின் டிரம்மில் படிந்த மெல்லிய துரு முதலில் கரகரக்கும். நாலைந்து முறை பிடித்ததும் சத்தம் அடங்க வேண்டும். அடங்காமல் தொடர்ந்தாலோ, பிடித்த பிரேக் விட்டபின்னும் சக்கரம் லேசாகச் சுற்றாமல் இழுத்தாலோ, மெக்கானிக் பார்க்கும்வரை அந்த வண்டியில் ஆளை ஏற்றாதீர்கள்.